அரக்கன் இருக்கட்டும், அரிசி எங்கிருந்து வந்தது?

கடலூரில் உட்கார்ந்துகொண்டு மாயாஜாலப் புதினம் எழுத முயல்பவருக்கு வாய்க்கும் பெரிய ஏமாற்றம், இங்கே ஒருவரும் வியப்படைய மாட்டார்கள் என்பதுதான். மூன்று தலை அரக்கன் ஒருவனை நான் எவ்வளவு பாடுபட்டு உருவாக்கினாலும், என் வீட்டாரும் அண்டை அயலாரும் அவனை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அவன் எப்படிப் பிறந்தான், எதற்காக மூன்று தலை என்று எவரும் கேட்பதில்லை. அவன் என்ன சாப்பிடுகிறான், அதை யார் சமைக்கிறார்கள், மூன்று வாய்க்கும் தனித்தனியாக இலை போட வேண்டுமா என்பவைதான் அவர்களுடைய ஐயங்கள். அதிசயத்தைச் சிரமமில்லாமல் விழுங்கிவிட்டு, சோற்றுக் கணக்கில் கல் பொறுக்கும் இந்த வாசகக் கூட்டத்திடம் நான் சில ஆண்டுகளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்னுடைய பகல்நேர வேலை புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள் ஒரு ஜிஎஸ்டி படிவத்தையும் 20ஆம் தேதிக்குள் மற்றொன்றையும் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், என் கற்பனை 21ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரைதான் கட்டவிழ்ந்து உலவ முடியும். புதினத்தில் வரும் போர்களும் சாபங்களும் உருமாற்றங்களும் அந்தப் பத்து நாட்களில் எழுதப்பட்டவை. மாதத்தின் முற்பகுதியில் எழுதிய அத்தியாயங்களில் அரசவைக் காட்சிகளே மிகுதி. அவற்றில் அமைச்சர்கள் எழுந்து நின்று வரி பாக்கியைப் பற்றி விரிவாக உரையாற்றுகிறார்கள்.

பகலில் பிறருடைய கணக்கை நான் சரிபார்க்கிறேன் என்றால், இரவில் என் அரக்கனுடைய கணக்கைச் சரிபார்ப்பவர் என் மாமியார். அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்ததிலிருந்து சிறிய எழுத்துகளைப் படிக்கப் பிடிப்பதில்லை. ஆகவே தொலைக்காட்சித் தொடர் முடிந்த பிறகு அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்க, நான் அன்று எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவேன். அத்தை குறுக்கே பேசவே மாட்டார். படித்து முடித்ததும், கீரைக் காம்புகளைத் தாளில் சுருட்டியபடி ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்ததேயில்லை.

குறை சொல்வதென்றால் ஊரைத்தான் சொல்ல வேண்டும். திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், எதுவும் பலிக்காமல் போகவே கல்லோடு பிணைத்துக் கடலில் எறியச் செய்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. ‘சொற்றுணை வேதியன்’ என்று அவர் பாடத் தொடங்கியதும் கல் தெப்பமாகி மிதந்தது. அவர் வந்து கரையேறியதாகச் சொல்லப்படும் இடம், கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரோடு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓர் அதிசயம் பெயர்ப்பலகையாகி, குடும்ப அட்டையில் முகவரியாகவும் அச்சாகிவிட்ட இடத்தில், என் கதாநாயகியின் நண்பனைப் பகைவர்கள் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுவதாகவும் அவன் மூழ்கி இறப்பதாகவும் நான் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அத்தைக்குக் கலங்கவில்லை. “கல்லைக் கட்டிப் போட்டா மிதக்கும்னு இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே, அவன் ஏன் ஒரு பதிகம்கூடப் பாடாம செத்தான்?” என்று கேட்டார். உலக இலக்கியத்தில் வேறெந்த எழுத்தாளரும் தம்முடைய பாத்திரம் நீரில் மூழ்கியதற்கு இப்படி விளக்கம் தர நேர்ந்திருக்காது.

மேகங்களுக்கு மேலே மிதக்கும் நகரத்துக்கும் அதே கதிதான் நேர்ந்தது. அதை வர்ணிப்பதற்கு நான் செலவிட்ட உழைப்பு கொஞ்சமல்ல. மாடங்கள், மிதவைப் பாலங்கள், மழையைக் கீழிருந்து மேலாகப் பெய்விக்கும் யந்திரங்கள் என்று ஓர் அத்தியாயம் முழுவதும் நிரப்பியிருந்தேன். அத்தை அமைதியாகக் கேட்டுவிட்டு, “அதான் திருவதிகையில எரிஞ்சு போச்சே” என்றார். பொன்னாலும் வெள்ளியாலும் இரும்பாலும் ஆன மூன்று பறக்கும் கோட்டைகளைச் சிவபெருமான் சிரித்தே எரித்த தலம் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை. அங்கே வைகாசியில் தேருக்குப் போய் வந்தவர்களிடம் பறக்கும் நகரத்தைப் புதிது என்று சொல்லி விற்க முடியாது. அது வேறு, இது வேறு என்று நான் வாதாடியபோது, அத்தையின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. “அப்ப அதுல ஒண்ணு தப்பிச்சிடுச்சா?” என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அது என்னுடைய யோசனையைவிட நல்ல யோசனை. இப்போது அந்த அத்தியாயம், செம்பினால் கட்டப்பட்டதால் கணக்கில் விடுபட்டுப்போன நான்காவது கோட்டையைப் பற்றியதாக இருக்கிறது.

அணையா நெருப்பு விவகாரம் இன்னும் மோசம். புதினத்தின் மையமே ஒரு நெருப்புத்தான். வடதிசைக் குகையில் அது தலைமுறை தலைமுறையாக எரிகிறது. ஒரு சூனியக் கிழவி அதைக் காவல் காக்கிறாள். அது அணைந்தால் உலகம் இருண்டுவிடும். இத்தகைய கதைகளில் நெருப்பு என்பது ஒரு குறியீடு, அதன் அருகே போய் நின்றாலே வாசகருக்கு மயிர்க்கூச்செறிய வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. அத்தை கேட்டது இதுதான்: “அதுல என்ன சமைக்கிறாங்க?” எதுவும் சமைக்கவில்லை, அது தெய்விக நெருப்பு என்றேன். அவ்வளவு விறகையும் சும்மாவா எரிக்கிறார்கள் என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபம் தணிந்ததும் அவருடைய நியாயம் புரிந்தது. எங்கள் மாவட்டத்தில் அணையா நெருப்பு ஒன்று மெய்யாகவே உண்டு. வடலூர் தருமச்சாலையில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசித்து வருகிறவர்களுக்கு அன்று முதல் அங்கே சோறு வேகிறது. இப்படியோர் அடுப்பில் சாப்பிட்டு வந்த பெண்மணிக்கு, ஒரு பிடி அரிசிகூட வேகாமல் நூற்றாண்டுக் கணக்கில் எரியும் என்னுடைய நெருப்பு ஊதாரித்தனமாகத் தோன்றியதில் வியப்பில்லை. பல நாள் பிடிவாதத்துக்குப் பிறகு, குகையில் ஒரு பானையை ஏற்றி வைத்தேன். கிழவியின் சூனியத்துக்கு அதனால் எந்தக் குறைவும் ஏற்படவில்லை என்பதோடு, அவள் அகப்பையோடு நிற்கும்போது முன்பைவிட அச்சமூட்டுகிறாள்.

பயணக் காட்சிகளைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். நான் இளம் வயதில் படித்த மேலைநாட்டுக் கதைகளில் வீரர்கள் மாதக் கணக்கில் மலையேறுவார்கள். பசித்தால் மூட்டையிலிருந்து ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்துக் கடித்துக்கொண்டு, கதையைத் தொடர்வார்கள். ரொட்டி அவர்களுக்குச் செய்த உதவியை அரிசி எனக்குச் செய்ய மறுக்கிறது. அரிசியைக் களைய வேண்டும், உலை வைக்க வேண்டும், வடிக்க வேண்டும், அதற்கொரு குழம்பு வேண்டும், மோர் வேண்டும். என் கதாநாயகி ஆழினி ஒரு உப்பளத் தொழிலாளியின் மகள். அவளும் தோழர்கள் மூவரும் ஏழு மலை கடக்கப் புறப்பட்ட அன்று, அத்தை இரவு உணவையே மறந்துவிட்டு அவர்களுக்குக் கட்டுச்சோற்றுத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். முதல் நாளுக்கு எலுமிச்சைச் சாதம், இரண்டாம் நாள் வரைக்கும் புளியோதரை, அதன் பிறகு அவலும் வெல்லமும், அவசரத்துக்குப் பொருள்விளங்காய் உருண்டை. இந்த உருண்டையைத் தின்றிராதவர்களுக்கு ஒரு சொல்: வறுத்த அரிசி மாவையும் பயற்று மாவையும் வெல்லப்பாகில் பிடித்து, வாரக் கணக்கில் கெடாமல் இருப்பதற்காகவே செய்யப்படும் பண்டம் அது, அதன் கடினத்தைப் பற்றி எங்கள் குடும்பத்துப் பல் மருத்துவர் நன்றியோடு பேசுவார். அந்த அத்தியாயம் பாதிக்கு மேல் சமையல் குறிப்பாகிவிட்டது என்று நான் சலித்துக்கொண்டேன். ஆனால், இரண்டு மாதங்களாகக் கொல்ல வழியில்லாமல் நின்றிருந்த மூன்று தலை அரக்கன், ஆழினியின் மூட்டையைப் பறித்து அந்த உருண்டையைக் கடித்ததில் நடுத்தலையின் கோரைப்பல் உடைந்து, அதற்குள் இருந்த அவனுடைய உயிர் வெளியேறிவிட்டது. ஏழு கடலுக்கு அப்பால் கிளியின் வயிற்றில் உயிரை ஒளித்து வைக்கும் வழக்கமான ஏற்பாட்டைவிட இது சிக்கனமாகவும் இருந்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நான் எதைக் கற்பனை செய்தாலும் அது முன்பே வந்துவிட்டது என்று சொல்வதில் அவருக்கு அலாதி இன்பம். பொய் பேசுபவரைத் தின்றுவிடும் பூதம் ஒன்றை நாற்சந்தியில் நிறுத்தி வைத்தேன். சதுக்கப்பூதம், சிலப்பதிகாரம், புகார் நகரம் என்றார் ஐயா. இசைக்கு மயங்கும் விலங்கு ஒன்றைப் படைத்தேன். அசுணமா, யாழுக்கு மயங்கும், பறையைக் கேட்டால் உயிரை விடும் என்றார். இரு தலைப் பறவை என்று நான் வாயெடுத்தபோதே, சங்கப் பாட்டில் இருக்கிறதம்மா என்று கையமர்த்திவிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் ஒரு மொழியில் பிறந்தவர், புதியதோர் உயிரினத்தைக் கண்டுபிடிப்பதைவிட, எழும்பூரில் வாடகைக்கு ஒரு மலிவான வீட்டைக் கண்டுபிடிப்பது எளிது.

ஆனால் அதே ஐயாதான் ஒருநாள் என் நெடுநாள் புகாருக்கு ஒரு மருந்தும் தந்தார். மணிமேகலைக்கு மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரங்களை உபதேசிக்கிறது. வேற்றுருவம் எடுப்பதற்கு ஒன்று, வான்வழியே செல்வதற்கு ஒன்று. மூன்றாவது என்னவாக இருக்கும் என்று ஐயா கேட்டார். மறைந்து போவதற்கு, பகைவரைக் கல்லாக்குவதற்கு என்றெல்லாம் நான் ஊகித்தேன். மூன்றாவது மந்திரம் பசியைத் தாங்குவதற்கானது. பறக்கும் பெண்ணை எவரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் அவள் எங்கே சாப்பிட்டாள் என்று கேட்பார்கள் என்பதைச் சாத்தனார் அன்றே அறிந்திருந்தார். அதோடும் நிற்காமல், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அவள் கையில் கொடுத்து, காயசண்டிகையின் தீராப் பசியையும் தீர்த்துவைத்து, கணக்கை முழுவதுமாக நேர் செய்துவிடுகிறார். எனக்கும் அவருக்கும் ஒரே வகை வாசகர்கள்தாம் வாய்த்திருக்கிறார்கள் என்பதில் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அவருக்குக் காப்பியம் முடிந்தது, எனக்கு முதல் பாகமே முடியவில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு.

யாளியை நான் பெரிதும் நம்பியிருந்தேன். சிங்க உடலும் துதிக்கையுமாகக் கோயில் தூண்களில் நிற்கும் அந்த விலங்கை ஆழினியின் ஊர்தியாக்கி, அதற்கு ஆழ்ந்த தத்துவங்களைப் பேசும் நாவையும் கொடுத்திருந்தேன். “அது எப்படிப் பேசும், வாயில உருண்டை இருக்கே?” என்றார் அத்தை. தூணில் செதுக்கிய யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையைச் சிறு வயதில் விரலால் தள்ளி விளையாடாதவர் இந்த ஊரில் இல்லை. யாளி இப்போது பேசுவதில்லை. தலையை மட்டும் அசைக்கிறது.

மந்திரத்துக்கு நான் விதித்த விதியோ நியாயமானது என்று இன்றைக்கும் நம்புகிறேன். என் உலகில் மந்திரம் சும்மா கிடைக்காது. ஒவ்வொரு முறை ஏவும்போதும் மந்திரவாதி தன் நினைவுகளில் ஒன்றை இழக்க வேண்டும். இதில் ஒரு துயர அழகு இருக்கிறது என்பது என் எண்ணம். அத்தைக்கு முதலில் எலுமிச்சம்பழம்கூட இல்லாமல் மந்திரமா என்ற மனக்குறை இருந்தது, அதைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்த பிறகு, “எதை மறப்பாங்க, கொடுத்த கடனையா, வாங்கின கடனையா?” என்று கேட்டார். எதை வேண்டுமானாலும் மறக்கலாம், அதைத் தேர்ந்தெடுப்பது மந்திரவாதியின் உரிமை என்று நான் எழுதி வைத்திருந்தேன். அப்படியானால் நாட்டில் கடன் வாங்கிய அத்தனை பேரும் மந்திரவாதியாகிவிடுவார்களே என்ற அவருடைய அடுத்த வாக்கியத்தில் என் உலகத்தின் பொருளாதாரம் சரிந்து விழுந்தது. தொழில்முறைக் கணக்காளரான எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும் என்று என் கணவர் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. இப்போது மந்திரத்தால் கடன் மறந்துபோனாலும் கடன் பத்திரம் மறக்காது என்று ஒரு துணைவிதி சேர்த்திருக்கிறேன்.

இவ்வகைப் புதினத்துக்கு முன்பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். நானும் ஓர் அட்டையை வாங்கி, மலைகளையும் காடுகளையும் வரையத் தொடங்கினேன். எந்த நதியை எங்கே வரைந்தாலும் அது கிழக்கே வளைந்து கெடிலமாகிவிடுகிறது என்பது ஒருபுறம் இருக்க, எல்லைக் கோடுதான் என்னை அழ வைத்தது. நாடுகளின் எல்லை நம்பும்படியாக இருக்க வேண்டும், ஏதாவதொரு மலைத்தொடரையோ ஆற்றையோ பின்பற்ற வேண்டும் என்று இக்கலையைக் கற்பிப்பவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் கடலூருக்கு வந்ததில்லை.

1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் என்ற கேள்வி எழுந்தது. பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரைக்கும் என்று ஒப்பந்தம். கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்து, நாலா திசையிலும் சுட்டு, குண்டு விழுந்த ஊர்களையெல்லாம் தமதாக்கிக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரிலும் குண்டுசாலை என்ற தெருப்பெயரிலும் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது. இதை நான் என் புதினத்தில் அப்படியே வைத்து, ஓர் அரக்கர் குலம் கவண்கல் விழுந்த இடம் வரை நிலம் பெறுவதாக எழுதியபோது, எழுதுகின்ற நண்பர் ஒருவர் அதை மட்டும் சிவப்பு மையால் சுழித்து, ‘நம்பகமில்லை’ என்று ஓரத்தில் குறித்திருந்தார். மூன்று தலைகளுக்கு அவர் ஒரு சுழிகூடப் போடவில்லை.

பக்கத்திலுள்ள புதுச்சேரியின் வரைபடமோ எழுத்தாளரைத் தற்கொலைக்குத் தூண்டவல்லது. ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு தெற்கே காரைக்காலில், ஒரு துண்டு ஆந்திரத்துக் கடற்கரையில் ஏனாம், இன்னொரு துண்டு நாட்டின் மறுகரையில் கேரளத்துக்குள் மாஹே. இவை நான்கும் சேர்ந்து ஓர் ஆட்சிப்பகுதி. முதல் துண்டேகூட ஒரே துண்டாக இல்லாமல் தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறது. அந்த நிலம் இந்தியாவுடன் சேர்வதா என்பதை 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சிற்றூரில் 178 பிரதிநிதிகள் கூடி முடிவு செய்தார்கள். 170 பேர் ஆம் என்றும் 8 பேர் இல்லை என்றும் வாக்களித்தார்கள். பிரான்ஸ் நாட்டுத் தேர்தல் வந்தால் இன்றைக்கும் புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள். இத்தனையையும் நான் கற்பனையாக எழுதிக் கொடுத்தால், கதையை முடிந்த அளவு எளிமைப்படுத்தும்படி எனக்கு அறிவுரை கிடைக்கும். என் புதினத்திலும் இரு நாடுகளுக்கிடையே மந்திர எல்லை ஒன்று இருக்கிறது. ஒளிரும் மூடுபனி, அதைக் கடப்பவருக்குத் தன் நிழல் தொலைந்துவிடும். அலுவலகத்தில் இந்தப் பகுதியைப் படித்துப் பார்த்த சக ஊழியர், நிழலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அந்தப் பக்கம் சரக்கு விலை குறைவா என்று மட்டும் கேட்டார். ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் பைகள் திறக்கப்படுவதை நாள்தோறும் பார்த்துவருகிற எனக்கு, அது அற்பமான கேள்வி என்று சொல்ல மனம் வரவில்லை.

தனிமையில் எழுதினால் கற்பனை ஊறும் என்ற நம்பிக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு நோட்டும் பேனாவுமாகப் போனேன். கடற்கரையில் தனியே உட்கார்ந்து எழுதும் ஆணைக் கவிஞன் என்று நினைப்பார்கள் போலும். பெண் என்றால், வீட்டில் சண்டையா என்று சுண்டல் விற்பவர் முதற்கொண்டு விசாரிப்பார்கள். நான் கூட்டத்தை விட்டு விலகி, படகுகள் ஏற்றி வைத்திருக்கும் பக்கம் போய் அமர்ந்தேன். சற்று நேரத்தில் ஒரு அம்மாள் வந்து தம்முடைய பெயரையும் ஆதார் எண்ணையும் சொல்லத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் மேலும் சிலர் நின்றார்கள். 2004இல் ஆழிப்பேரலையையும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலையும் பார்த்த கரை அது. நோட்டோடு வருகிறவர் நிவாரணக் கணக்கெடுக்க வந்தவராகத்தான் இருக்க முடியும் என்பது அவர்களுடைய அனுபவம். கதை எழுத வந்தேன் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

ஆனால் அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கதை என்றதும் ஆர்வமானார். ஆழினியின் கப்பல் எந்த மாதத்தில் புறப்படுகிறது என்று கேட்டார். ஐப்பசி என்றேன். வாடைக்காற்றும் புயலும் அடிக்கிற மாதத்தில் கப்பலை எடுக்கிற பெண்ணுக்கு அப்பா அம்மா இல்லையா என்று கடிந்துகொண்டார். சரி, சித்திரையில் புறப்படட்டும் என்று நான் இறங்கி வந்தபோது, அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் அல்லவா வரும் என்றார், பிறகு அவரே சற்று யோசித்து, “விசைப்படகா, பாய்மரமா?” என்று கேட்டு, பாய்மரம் என்று அறிந்ததும் சட்டப்படி பாதகமில்லை என்று அனுமதி வழங்கினார். கப்பலைத் தொடர்ந்து வரும் கடல்நாகத்தைப் பற்றி அவருக்குக் கேட்க எதுவும் இல்லை. அதைப் போன்ற ஒன்றை அவருடைய சித்தப்பா பார்த்திருக்கிறாராம்.

பெயர் சூட்டும் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசர்களுக்கு ஏற்ற நல்ல பெயர்களையெல்லாம் வரலாற்றுப் புதின ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எஞ்சியவை எங்கள் உறவினர்களிடம் இருக்கின்றன. எந்தப் பெயரைக் கொடியவனுக்கு வைத்தாலும் அந்தப் பெயரில் ஒரு மாமா திண்டிவனத்திலோ விருத்தாசலத்திலோ இருந்து, அடுத்த கல்யாணத்தில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போகிறார். கருமையான கண்களும் பேராசையும் கொண்ட அமைச்சனுக்கு நான் எந்தப் பெயரும் வைக்காமலே விட்டபோதும் ஒரு பெரியப்பா அது தாம்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்.

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, துணிவை வரவழைத்துக்கொண்டு ஒரு பதிப்பாளரிடம் என் புதினத்தைப் பற்றிப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அரசன் வருகிறானா என்றார், வருகிறான் என்றேன். எந்தச் சோழன் என்றார். சோழன் இல்லை, கற்பனை நாடு என்றேன். பாண்டியன் என்றாலும் பரவாயில்லை, ஆனால் சோழன் என்றால்தான் போகும் என்று தொழில் இரகசியத்தைச் சொன்னார். பறக்கும் கோட்டையையும் யாளியையும் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, அவையெல்லாம் அப்படியே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார். வீடு திரும்பி அத்தையிடம் இதைச் சொல்லி ஆறுதல் தேடினேன். அவர் பதிப்பாளர் பக்கம் சாய்ந்துவிட்டார். சோழநாடு என்றால் காவிரித் தண்ணீர் இருக்கிறது, நெல்லுக்குக் கவலையில்லை, அந்தப் படைக்கெல்லாம் சோறு போட்டு மாளும் என்பது அவர் சொன்ன காரணம். மூன்று பாகங்களாக விரியவிருக்கும் என் கதையில், இலக்கிய உலகமும் என் சமையலறையும் கருத்தொருமித்த இடம் இது ஒன்றுதான். நான் இன்னும் இணங்கவில்லை. உப்பளத்துப் பெண் எப்படிச் சோழ இளவரசியாவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் கடற்கரையிலும் இடம் கிடைக்காததால், புதினத்தின் பெரும்பகுதியைப் பேருந்தில் கைபேசியில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். புதுச்சேரியிலிருந்து மாலையில் திரும்பும்போது தவளக்குப்பம் தாண்டினால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்துவிடும். அண்மையில் ஒரு நாள், சூனியக் கிழவி அகப்பையை ஓங்கிக்கொண்டு ஆழினியை ஏசும் காட்சியில் ஆழ்ந்திருந்தபோது, பக்கத்தில் காய்கறிக் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் நெடுநேரமாகத் திரையைப் படித்துக்கொண்டு வருவதை உணர்ந்தேன். கன்னியக்கோயில் வந்ததும் அவரால் அடக்க முடியவில்லை. “இன்னாம்மா, கெழவி உன் மாமியாரா?” என்று பேருந்தில் பாதிப் பேருக்குக் கேட்கும் குரலில் கேட்டார். இது கதை, கற்பனை என்று நான் தணிந்த குரலில் சொன்னேன். அவர் நம்பவில்லை, வலது கன்னத்து மருவரைக்கும் இவ்வளவு துல்லியமாக யாரும் கற்பனை செய்ய முடியாது என்று முன்னிருக்கைக்காரர்களுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகு ஆல்பேட்டை வரையில், மாமியாரை எப்படிச் சமாளிப்பது என்று பல இருக்கைகளிலிருந்தும் எனக்கு அறிவுரை வந்துகொண்டிருந்தது. அந்த வண்டியில் எங்கள் தெருக்காரர் எவராவது இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. அத்தை மட்டும் மறுநாள் படிக்கும்போது, அந்தக் கிழவிக்கு இன்னும் கொஞ்சம் வசனம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அபிப்பிராயப்பட்டார். நான் கிழவியின் மருவை இடது கன்னத்துக்கு மாற்றிவிட்டு, இப்போதெல்லாம் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் மட்டுமே எழுதுகிறேன். பின்னிருக்கையில் இருப்பவர்களை என்ன செய்வது என்பதற்கு 20ஆம் தேதி கழிந்த பிறகுதான் ஒரு வழி யோசிக்க வேண்டும்.